சாவடிக்கு மேற்கே ஒரு கிணறு

ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு நானும் என் மனைவியும் பாலைவனத்துக்குப் போவோம். வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கால் மணி நேரம். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு சந்து பிரியும். அதன் கோடியில் இருக்கும் சிறிய கஃபேயில், உள்பக்கம் சமையலறையை ஒட்டிய மேசைதான் எங்கள் பாலைவனம். குளிர்காலத்தில் வெளிநாட்டார் வந்து அந்த மேசையையும் பிடித்துக்கொள்வார்கள். சித்திரை, வைகாசியில் கஃபேயே எங்களுடையது.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு சித்திரை மாதத்தில்தான். கஃபேயின் மாடி அறையில் மூன்று மாதம் தங்கியிருந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போனார். அதில் விதவிதமான பகடைகள் இருந்தன. நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், ஒன்றுக்கு இருபது முகம். கூடவே ஜெர்மன் மொழியில் ஒரு தடிப்புத்தகம். கஃபே உரிமையாளர் அடி அண்ணாமலைக்காரர், விவசாயக் குடும்பம். அவருடைய கடைப் பத்திரத்தை எழுதியது நான். அந்தப் பழக்கத்தில் எனக்குப் போன் செய்தார்.

"சார், நீங்க நெறைய படிக்கறவரு. இது இன்னா புக்குனு வந்து பாருங்களேன்."

நிறையப் படிக்கிறவனுக்கு எல்லா மொழியும் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு ஜெர்மனில் ஒரு வார்த்தை தெரியாது. படங்களை வைத்து இவ்வளவு புரிந்துகொண்டோம்: சிலர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். அவர்களில் ஒருவர், எங்குமே இல்லாத ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறார். மற்றவர்கள் அந்த ஊர் மக்களாக இருந்து என்ன செய்வோம் என்கிறார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்கிறது. மீதி விதிகளை நாங்களே போட்டுக்கொண்டோம். இருபது முகப் பகடையில் இருபது விழுந்தால்தான் வெற்றி என்பதை நான் வெகுநாள் கழித்து வேறெங்கோ படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்குள் காலம் கடந்துவிட்டது. எங்களுக்கு ஒன்று என்றால் தாயம். ஒன்று விழுந்தால் எல்லோரும் "தாயம்!" என்று கத்துவோம். இருபது விழுந்தால் தலையில் கை வைத்துக்கொள்வோம்.

மொத்தம் ஐந்து பேர். கதையை நடத்துபவர் உரிமையாளர். ஆடுபவர்கள் மூன்று பேர்: என் மனைவி, தாலுகாவில் சர்வேயராக இருக்கும் ஒரு இளம்பெண், பேருந்து நிலையம் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும், உரிமையாளரின் பள்ளிக்கூட நண்பர். ஐந்தாவது ஆள் நான். நடப்பதை எழுதிவைப்பது என் வேலை.

பாலைவனம் வேண்டும் என்றது உரிமையாளர்தான். "வெயிலப் பத்தி நமக்கு யாராச்சும் சொல்லித் தரணுமா சார்?" என்றார். ஆனால் எங்களில் ஒருவர்கூடப் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. பழந்தமிழில் பாலை என்பது மணற்காடு அல்ல, மழை பொய்த்து வறண்டுபோன காடும் மலையும்தான் என்று நான் ஒரு சிறு விளக்கம் கொடுத்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"மணல் இல்லாம பாலைவனமா? கஸ்டமர் ஒத்துக்க மாட்டான் சார்" என்றார் உரிமையாளர். மணல் வந்தது.

ஒட்டகம் வரவில்லை. ஃப்ளெக்ஸ்காரர் சின்ன வயதில் பொருட்காட்சி ஒன்றில் ஒட்டகத்தின் மேல் ஏறப் போய், அது அவர் சட்டையில் துப்பிவிட்டதாம். "ஒட்டகம் வந்தா நான் வரல" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆகவே குதிரை அளவுக்கு உடும்பு. பிடித்தால் விடாது, செங்குத்துப் பாறையிலும் ஏறும், தண்ணீர் கம்மியாகக் குடிக்கும். இந்த மூன்று குணங்களுக்காக உடும்பு ஒருமனதாகத் தேர்வானது.

எந்த ஊரிலிருந்தும் உடும்பின் மேல் எட்டு நாள் பயணத்தில், மணலுக்கு நடுவே ஒரு காவல் சாவடி. பக்கத்தில் ஒரு பெரிய பாறை. இதுதான் எங்கள் ஊர். கதையில் யார் அந்தப் பாறையைச் சுற்றிப் போனாலும் அதை வலப்புறமாக வைத்தே போனார்கள். அப்படி ஒரு விதியை யாரும் போடவில்லை. பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டு எங்களைக் கவனித்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, எதிர்ப்பக்கமாகப் போனால் வழி கம்மியாயிற்றே என்று ஒருமுறை கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியும் போகலாம் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

இனி என் வேலையைப் பற்றி. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். தேதி போடாமல் எதையும் எழுதக் கை வராது. வீட்டில் என் நோட்டுகளில் கோடை மழை முதலில் பெய்த நாள், கிரைண்டர் கல் கொத்திய நாள் எல்லாம் இருக்கும். சாவடியின் குறிப்புகளுக்கும் அப்படியே இரண்டு தேதி போட்டேன், ஒன்று நம்முடையது, மற்றது சாவடியினுடையது. முதல் உடும்பு முட்டையிட்ட நாளிலிருந்து சாவடியின் ஆண்டுக் கணக்கு. மாதத்துக்கு இருபத்தேழு நாள், நட்சத்திரத்துக்கு ஒன்றாக. பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் கிரிவலக் கூட்டத்தில் கஃபேயில் நிற்க இடம் இருக்காது, ஆட்டமும் இருக்காது. அந்த வாரங்களுக்கு என் நோட்டில் "சாவடியில் புழுதிக்காற்று. யாரும் வெளியே வரவில்லை" என்று இருக்கும்.

ஒரு விதி மட்டும் நான் கேட்டு வாங்கியது. ஃப்ளெக்ஸ்காரரிடம் ஒரு வாரம் ஏழு உடும்பு இருக்கும், மறுவாரம் பதினொன்று இருக்கும். கேட்டால் "குட்டி போட்டுச்சி சார்" என்பார். உடும்பு முட்டையிடும் பிராணி என்று சொன்னால் "அது உங்க உடும்பு" என்பார். அதனால் நோட்டில் எழுதியிருப்பதே முடிவு என்று விதி வைத்தோம். எழுத்தே முடிவு. எல்லோரும் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார்கள்.

முதல் ஞாயிறன்று, சாவடிக்கு ஒரு மூலப்பத்திரம் இருக்கட்டும் என்று விளையாட்டாக எழுதினேன். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் பகுதிக்குச் சக்குபந்தி என்று பெயர். சாவடிக்கான சக்குபந்தி இது:

"பாறைக்குத் தெற்கு, வணிகப் பாதைக்கு வடக்கு, கிணற்றுக்குக் கிழக்கு, உப்பளத்துக்கு மேற்கு. இந்த நான்கெல்லைக்குள் அடங்கியது சாவடி."

அதன் கீழே, சாவடிக்குக் கிழக்கே உள்ளதெல்லாம் ஒருவருக்கு, மேற்கே உள்ளதெல்லாம் ஒருவருக்கு என்று பிரித்துப் பகடை போட்டார்கள். கிழக்கு என் மனைவிக்கு விழுந்தது. மேற்கு சர்வேயருக்கு. ஃப்ளெக்ஸ்காரர், நிலமே வேண்டாம், பாதை போதும் என்று உடும்புகளோடு ஊர் ஊராகப் போகும் வழியராகிவிட்டார். எழுதினேன், தேதி போட்டேன், நோட்டை மூடினேன்.

மறுவாரம் ஃப்ளெக்ஸ்காரர் என் பத்திரத்தைப் பார்த்து ஒரு வரைபடம் அடித்துக்கொண்டு வந்தார். ஆறடி அகலம். மணல்மேடுகளுக்குப் பின்னால் ஆரஞ்சு வெளிச்சம், வரிசையாக உடும்புகள், மதிலோடு சாவடி. கைப்பழக்கத்தில் கீழ்மூலையில் "நல்வாழ்த்துகளுடன்" என்று போட்டு, புகைப்படத்துக்கு வட்டமாக இடமும் விட்டிருந்தார். சமையலறைச் சுவரில் மாட்டி எல்லோரும் கைதட்டினோம். பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது அது.

என் மனைவி வரைபடத்தின் முன்னால் போய் நின்றாள். கிழக்கில், அவள் பக்கத்தில், நீல வட்டமாக ஒரு கிணறு.

"ஐயோ, கெணறு என் பக்கம் இருக்குது!" என்றாள். பிறகு திரும்பி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "இருவது வருஷம் வாடகை வீட்ல இருந்தவ நான். ஓனரம்மா எப்போ மோட்டார் போடுவாங்கனு கொடத்த வச்சிக்கினு காத்திருந்தவ. ஸ்விட்ச் ரூமுக்குப் பூட்டு போட்டு, சாவிய இடுப்புல சொருகிக்குவாங்க. இங்கயாவது கெணறு என்னோடதா இருந்துட்டுப் போவட்டும்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த இருபது வருடமும் அவளோடு இருந்தவன் நான்.

அன்றைக்கு அவளுடைய மக்களுக்குக் கிணற்றார் என்று பெயர் வைத்தாள். வாராவாரம் அவர்களுக்கு ஒரு வழக்கம் முளைக்கும். வருகிறவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் பெயர் கேட்பார்கள். எத்தனை குடம் என்று யாரும் கேட்கக்கூடாது. முதல் வாளி உடும்புக்கு. பூட்டு என்ற சொல்லே கிணற்றார் பேச்சில் கிடையாது. வழியர் ஒருமுறை பெட்டிக்குப் பூட்டு கொண்டுவந்தபோது அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் உடும்புக் குட்டியின் கழுத்தில் கட்டிவிட்டார்கள். அது நோட்டில் இருக்கிறது: இரண்டாம் ஆண்டு, மூன்றாம் மாதம், பூரத்தன்று.

சர்வேயரின் பக்கம் வரைபடத்தில் வெறும் உப்பளம். மரமில்லை, தண்ணீரில்லை. அவள் அசரவில்லை. தன் மக்களை நிழலார் என்றாள். கம்பும் துணியும் வைத்துக்கொண்டு, வெயில் நகர நகரப் பந்தலை நகர்த்திக்கொண்டே இருப்பவர்கள். நிழலைக் காலால் அளந்து நேரம் சொல்வார்கள். விருந்தாளிக்குப் பந்தலின் நடுவில் இடம் தருவார்கள். அவர்கள் ஒருவரை வையும்போது, "உன் நிழல் உன் காலடிய விட்டு நகராம போவட்டும்" என்பார்கள். எப்போதும் நடுப்பகலாகவே இருக்கட்டும் என்று அதற்கு அர்த்தம். நிழலார் பந்தல் போட்டுத் தருவார்கள், கிணற்றார் தண்ணீர் தருவார்கள். இரண்டு மக்களும் இப்படியே ஒன்றரை வருடம் வாழ்ந்தார்கள்.

வம்பை இழுத்துவிட்டது நான்தான். குறிப்புகளையெல்லாம் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். எல்லோரும் நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார்கள். படித்தது ஒருத்திதான். அடுத்த ஞாயிறு சர்வேயர் உள்ளே வரும்போதே பிரதியைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

"சார், ஃபீல்டுக்குப் போற பஸ்ல படிச்சேன். சக்குபந்தி நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்."

"கிணற்றுக்குக் கிழக்கு சாவடி. அப்போ கெணறு எங்க இருக்கணும்?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே சுவரைப் பார்த்தேன். பாறைக்குத் தெற்கே சாவடி என்று நான் எழுதியிருக்க, வரைபடத்தில் சாவடிக்குத் தெற்கே பாறை இருந்தது. பாதை வடக்கே போய்க்கொண்டிருந்தது. உப்பளம் மேற்கே இருந்தது. ஊரே தலைகீழாக மாட்டியிருந்தது. 'கிணற்றுக்குக் கிழக்கு' என்றால் கிணறு மேற்கே இருக்கிறது என்பது பத்திரம் படித்துப் பழகியவர்களுக்குத்தான் சட்டென்று விளங்கும். என் மேசைக்கு வருகிற பாதிப் பேர் சொந்த நிலத்தின் பத்திரத்தையே இப்படித் திருப்பிப் படித்துவிட்டு, பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டைக்குப் போய் வந்தவர்கள்.

"டேய், இன்னாடா பண்ணி வச்சிருக்க?" என்றார் உரிமையாளர்.

"நான் இன்னாடா பண்ணேன்? கெணறு, கிழக்குனு போட்டிருந்துச்சி. கெழக்கால வச்சேன்" என்றார் ஃப்ளெக்ஸ்காரர். "வேணும்னா தலைகீழா மாட்டிடலாம்."

"எழுத்தெல்லாம் தலைகீழா தெரியும்" என்றார் உரிமையாளர்.

"உடும்பும் மல்லாக்க நிக்கும்" என்றாள் சர்வேயர்.

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் கணக்கை முடித்துவிட்டிருந்தாள்.

"அப்போ கெணறு மேற்கால. மேற்கு சர்வேயர் பொண்ணுக்கு. என் பங்குக்கு உப்பளம். அப்படித்தானே?"

"நான் கேக்கல அக்கா. பத்திரம் சொல்லுது" என்றாள் சர்வேயர். சிரிப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் பின்வாங்கவும் இல்லை. "எங்க ஜனங்களும் ஒன்றரை வருஷமா கொடத்த வச்சிக்கினு உங்க வாசல்ல நிக்கறாங்க இல்ல?"

"நின்னா குடுக்காம இருந்தோமா?"

"குடுத்தீங்க. ஆனா நின்னோம்."

வாடகை வீட்டுக்காரிக்கு அந்த வாக்கியம் நன்றாகவே புரியும். என் மனைவி, "எழுத்தே முடிவுனு கையெழுத்து போட்டிருக்கேன். போச்சுனா போச்சு. ஆனா கெணறு இல்லாத கிணற்றார எனக்கு நடத்தத் தெரியாது. அவங்களும் சாவடிய வுட்டுப் போவட்டும், நானும் ஆட்டத்த வுட்டு எழுந்துக்கறேன்" என்றாள்.

உரிமையாளர் சங்கடத்தில் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு தீர்ப்பு சொன்னார். எழுதியவர் உயிரோடு இருக்கும்போது எழுத்துக்கு அர்த்தம் எழுதியவர் சொல்வதுதான். அடுத்த ஞாயிறு விசாரணை. அதில் என்னிடம் ஒரே கேள்வி: எழுதும்போது கிணறு எந்தப் பக்கம் இருப்பதாக நினைத்து எழுதினீர்கள்?

என்ன நினைத்தேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும். கிழக்கே என்று சொன்னால் மறுக்க யாராலும் முடியாது. முப்பது வருடத்தில் ஒரு தடவை கை தவறிவிட்டது என்றால் முடிந்தது, அவளுக்குக் கிணறு, எனக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆனால் நான் மேற்கே நினைத்துத்தான் எழுதினேன். அப்படி எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு கம்மி. சமையலில் குறை இல்லை. தினமும் சாயங்காலம் அவள் ஸ்பைரல் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். கோபத்தில் அடித்துக் கிறுக்குகிறாள் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. வியாழக்கிழமை சாப்பிடும்போது நானே ஆரம்பித்தேன்.

"ஞாயித்துக்கெழமை நான் என்ன சொல்லணும்னு நெனைக்கற?"

"நெஜம் எதுவோ அதச் சொல்லுங்க. பொய் சொல்லி வாங்கிக் குடுத்த கெணத்துல எனக்குத் தண்ணி எறங்காது." ரசத்தை ஊற்றினாள். "ஆனா சொல்லும்போது தரையப் பாக்காதீங்க. என் மூஞ்சப் பாத்து சொல்லுங்க."

ஞாயிறு வந்தது. உரிமையாளர் மேசையைத் துடைத்து, எல்லோருக்கும் எலுமிச்சை டீ வைத்தார். விசாரணைக்கு முன் சமாதானத்துக்கு ஒரு முயற்சியும் செய்தார்.

"அக்கா, நான் ஒண்ணு யோசிச்சேன். இது கற்பனை ஊர்தானே? அந்த ஊர் பாஷையில மேற்குக்குத்தான் கெழக்குனு பேருனு வச்சிக்கலாம். யாருக்கும் நஷ்டமில்ல. ஃப்ளெக்ஸும் மாத்த வேணாம்."

"சூப்பர்" என்றார் ஃப்ளெக்ஸ்காரர் அவசரமாக.

"எனக்காக ஒரு ஊரு கெழக்கையெல்லாம் திருப்பாதீங்க தம்பி" என்றாள் என் மனைவி. "அவரக் கேளுங்க."

உரிமையாளர் கேட்டார். நான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன்.

"கிணறு சாவடிக்கு மேற்கே. அப்படி நெனச்சுத்தான் எழுதினேன்."

சமையலறையில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உரிமையாளர் எழுந்து ஓடினார். என் மனைவி தலையாட்டினாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"சரி. கெணறு அவங்களுது. எழுதிக்குங்க" என்றாள். உரிமையாளர் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்தாள். பிறகு பையிலிருந்து ஸ்பைரல் பிரதியை எடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் குறி. "இப்போ நான் எழுதினவர ரெண்டு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க அக்கா."

"மூலப்பத்திரத்துல மேற்கால இருக்கற கெணறுனு போட்டிருக்கீங்க. ராட்டினம்னு போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"வாளி?"

"இல்ல."

"கயிறு?"

"இல்ல." எனக்குக் காது சூடானது. கிணற்றோடு நிலம் விற்கிற எந்தப் பத்திரத்திலும் கிணற்றில் உள்ள சாமான்களைத் தனியாக எழுதாமல் விடமாட்டேன். விட்டால் மறுநாளே சண்டை வரும். விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன்.

"முப்பது வருஷமா எழுதறாரு" என்றாள் என் மனைவி சபையைப் பார்த்து. பிறகு பிரதியைப் புரட்டினாள். "ரெண்டாம் வருஷம், ஏழாம் மாசம், அஸ்தத்தன்னிக்கு எழுதியிருக்கு. 'கிணற்றார் நாற்பது பேர் ஒன்பது நாள் உட்கார்ந்து புதிதாகக் கயிறு திரித்தார்கள்.' அது யாரோட கயிறு?"

"கிணற்றாரோடது" என்றேன்.

"எட்டாம் மாசம், ரோகிணி. 'தோல் வாளி பதினாறு தைத்தார்கள்.' கெணத்தோட ஆழம் எவ்வளவு? அதுவும் எழுதியிருக்கீங்க. முப்பது ஆள் ஆழம்." பிரதியை மூடி மேசையில் வைத்தாள். "கெணறு உங்களுது கண்ணு. நல்லா வச்சிக்க. கயிறும் வாளியும் என்னோடது. நாங்க கெளம்பும்போது எடுத்துக்குனு போறோம்."

சர்வேயர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அவள் தோள் குலுங்கியது.

"அக்கா, நாங்க துணி வச்சிருக்கோம். துணிய முறுக்கிக் கயிறாக்கிக்குவோம்."

"முறுக்கு. பந்தலுக்கு எதப் போடுவ? வெயில்ல நின்னுக்குனு தண்ணி சேந்துவியா?"

"எனக்கு யாராச்சும் தண்ணி குடுங்கப்பா" என்றார் ஃப்ளெக்ஸ்காரர். "என் பதினோரு உடும்பும் நாக்கத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது."

"ஏழு" என்றேன். நோட்டில் ஏழுதான் இருந்தது.

உரிமையாளர் அப்போதுதான் கதை நடத்துபவர் போலப் பேசாமல், அடி அண்ணாமலைக்காரர் போலப் பேசினார். "எங்க பெரியப்பாவுக்கும் எங்கப்பாவுக்கும் நடுவுல ஒரே கெணறுதான். கெணறு பெரியப்பா பாகத்துல கீது, மோட்டார் எங்கப்பா போட்டது. ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. ஆனா தண்ணிக்கு முறை வச்சிருந்தாங்க. இவருக்கு ஒரு வேளை, அவருக்கு ஒரு வேளை. ஒரு நாள் கூடத் தப்புனது இல்ல. பேசாம கெடந்த நாளையில கூடத் தப்பல."

முறை என்ற சொல் மேசையின் மேல் விழுந்ததும் இரண்டு பெண்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"காலைத் தண்ணி எங்களுக்கு. மொத வாளி எறங்கறதுல இருந்து வெயில் ஏறுற வரைக்கும்" என்றாள் என் மனைவி உடனே.

"எடுத்துக்குங்க அக்கா. காலையில எங்களுக்குப் பந்தல் வேலை ஜாஸ்தி. சாயங்காலம் எங்களுது. கயிறு, வாளி?"

"கெணத்துமேல இருக்கும். எடுத்தவங்க வச்ச எடத்துல வைக்கணும்."

"சரி."

"பூட்டு கூடாது. கெணத்துக்கும் கூடாது, கயித்துக்கும் கூடாது."

"பூட்டுனா இன்னா அக்கா?" என்றாள் சர்வேயர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. என் மனைவிக்கு அன்றைய முதல் சிரிப்பு வந்தது.

"பேரு கேக்கறதுக்கு முன்னாடி தண்ணி. உங்க வேளையிலயும்."

"அது எங்க ஜனங்களுக்குத் தெரியும் அக்கா. உங்க வாசல்ல நின்னு பாத்ததுதானே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேனாவைத் திறந்தேன். உடன்படிக்கைப் பத்திரம் எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது. கிணறு, அதன் மேலுள்ள ராட்டினம், கயிறு, தோல் வாளி பதினாறு, கிணற்றுக்குப் போகவர நடைபாதை, எதையும் விடவில்லை. ஒவ்வொரு எல்லையையும் நான் படிக்கப் படிக்க என் மனைவி எழுந்து நின்று அந்தத் திசையில் கையை நீட்டினாள். ஃப்ளெக்ஸ்காரர் அவள் கையைப் பார்த்து டிஷ்யூ காகிதத்தில் புது வரைபடம் போட்டுக்கொண்டார். கிழக்கில் இருக்கும் உப்பளம் கிணற்றாருடையது என்றும் எழுதச் சொன்னாள். உப்பை என்ன செய்வது என்று இனிமேல் யோசிக்கலாம் என்றாள். கிணறே இல்லையே, கிணற்றார் என்ற பெயரை மாற்ற வேண்டாமா என்று ஃப்ளெக்ஸ்காரர் கேட்டதற்கு, "எதுக்கு? வாடகை வீட்ல இருக்கும்போது எனக்குப் பேரு இல்லாமயா இருந்துது?" என்றாள்.

மணி ஐந்தேகால் இருக்கும். இன்னும் ஒரு காட்சிக்கு நேரம் இருந்தது. உரிமையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாவடியில மறுநாள் காலையில. வெளிச்சம் இப்போதான் வருது. கிணற்றார் எல்லாம் அவங்க வீடு இருக்கற கெழக்குப் பக்கத்துல இருந்து கெளம்பறாங்க. இப்போ கெணறு மேற்கால. சாவடி முழுக்கக் குறுக்கால நடந்து, மேற்கு வாசல் வழியா நிழலார் எடத்துக்குள்ள போகணும். பழக்கமில்லாத வழி. அக்கா, இன்னா பண்றீங்க?"

"கயித்தத் தோள்ல போட்டுக்கினு நடக்கறோம்" என்றாள் என் மனைவி. குரல் சற்று இறங்கியிருந்தது. முதல்முறை வேறொருவர் வாசலுக்குப் போகிற குரல் அது. "மேற்கு வாசல் வந்துட்டோம். அங்க யாரு இருக்காங்க?"

உரிமையாளர் சர்வேயர் பக்கம் கையைக் காட்டினார்.

"யாரும் குறுக்க நிக்கல அக்கா" என்றாள் சர்வேயர். "பந்தல் போட்டிருக்கோம். வாசல்ல ஆரம்பிச்சு கெணத்து வரைக்கும். வழி நெடுக."

"எவ்வளவு தூரம்?"

"நானூறு அடி. நானே அளந்தேன்."

என் மனைவி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நான் நோட்டில் இரண்டு தேதியையும் போட்டுவிட்டு, அவள் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.

"அப்போ நாங்க மெதுவாவே வர்றோம்" என்றாள்.